ஊற்றும் வரலாறும்



'ஊறு' என்னும் வினையடியாகப் பிறந்தது 'ஊற்று' என்னும் சொல். நிலத்தில் நீர் ஊறுகிறது. தாயின் மார்பில் பால் ஊறுகிறது. நெஞ்சில் அன்பு ஊறுகிறது. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் பெருகுவதைக் கல்விக்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். கண்ணால் காணும் நீரைக் கொண்டு கண்ணுக்குப் புலனாகாதவற்றை விளக்குவது மக்களின் பழைய வழக்கம்.

இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நடு ஐரோப்பாவில் வழங்கும் செக் மொழியில் ஊற்றைப் 'பிரமென்' என்பர். கூந்தலின் கற்றைக்கும் அதுவே பெயர். கல்வெட்டு, ஓலை, ஆவணம் ஆகிய வரலாற்றுச் சான்றுகளையும் அச்சொல்லாலேயே குறிப்பர். நாம் 'மூலம்' என்று வேரைச் சுட்டும் இடத்தில் அவர்கள் ஊற்றைச் சுட்டுகின்றனர். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. காரணத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றிலேயே காணலாம்.

அக்குன்றில் நாவற்சுனை என்றொரு சுனை உண்டு. அதன் நீருக்கடியில் இலிங்கத்தோடு கூடிய சிறு குடைவரைக் கோயில் இருக்கிறது. நீரை இறைத்தாலன்றி அது புலப்படாது. அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. சற்றுத் தொலைவில், ஓவியங்களால் புகழ்பெற்ற அறிவர் கோயில். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அதனைப் புதுப்பித்தார். இச்செய்தியை நமக்கு அளிப்பது அங்குள்ள கல்வெட்டே. அது இல்லையேல் அவர் பெயரை நாம் அறிந்திருக்க வழியில்லை.

கரையில் நிற்பவனுக்குச் சுனையின் அடி தெரியாது, இறைப்பவனுக்கே தெரியும். கல்வெட்டும் அத்தகையதே. பொறுமையோடு படியெடுத்துப் படிப்பவனுக்கே அது பொருள் தரும். அவ்வாறு படித்தவர்களின் உழைப்பால் புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-இல் நூலாக வெளிவந்தன. சமஸ்தானம் 1948-இல் இந்தியாவுடன் இணைந்து மறைந்தது. நூல் இன்றும் பயன்படுகிறது.

ஆயினும் நீரூற்றுக்கும் வரலாற்று ஊற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தூர்ந்த சுனையைத் தூர் வாரிவிடலாம். அடுத்த மழை அதனை நிரப்பும். சிதைந்த எழுத்தை எந்த மழையும் நிரப்பாது. ஒருவன் தன் பெயரைப் பாறையில் கீறும்போதும், குன்றைக் கல்லுக்காக உடைக்கும்போதும் அழிவது மீண்டும் ஊறாத ஊற்று. ஆதலின் நண்பர்களே, குன்றுகளைக் காணச் செல்லும்போது தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்; கல்லை மட்டும் தீண்டாது விட்டு வாருங்கள்.