பெயர் சொல்லும் இசைத்தட்டு

ஒரு பாட்டைப் பாடியவர் யார் என்பதை அந்தப் பாட்டோடு எப்படிக் கட்டிவைப்பது? இசைத்தட்டு பிறந்த காலந்தொட்டே மனிதர் இதற்கு வழி தேடி வந்திருக்கின்றனர். அந்த வரலாற்றை இன்று சற்றே பார்ப்போம்.

1902ஆம் ஆண்டு நவம்பரில், கிராமஃபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். பாட்டு முடியும் தறுவாயில் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பதைக் கேட்கலாம். தற்பெருமை என்று எண்ணிவிடக் கூடாது! மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போயின. அச்சடிக்கும் வேலை அங்கேதான் நடந்தது. நம் மொழி எதுவும் அறியாத தொழிலாளர் எந்தத் தட்டுக்கு எந்தப் பெயர்ச்சீட்டு என்று அறிய அந்தக் குரலே சான்றாயிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. ஆயினும் தட்டின் நடுவட்டத்தருகே பொறித்த எண் தொடர்ந்தது. சீட்டு கிழிந்துபோனாலும் அந்த எண்ணைப் பிடித்து ஆய்வாளர் பாடகரைக் கண்டுகொள்கின்றனர்.

கணினியில் தட்டும் இல்லை, சீட்டும் இல்லை. எம்பி3 கோப்புக்கு ஒரு சீட்டு வேண்டுமென்று 1996இல் எரிக் கெம்ப் ஒரு வழி செய்தார். கோப்பின் வாலில் 128 பைட்டு இடம். பாட்டுக்கு 30, பாடகருக்கு 30, தொகுப்புக்கு 30. இன்றைய ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு வேண்டும். 'தியாகராஜ பாகவதர்' என்று எழுதினால் 'தியாகராஜ ப' என்பதோடு இடம் தீர்ந்துவிடும். பாகவதரா, திருவையாற்றுத் தியாகராஜரா என்று பேரப்பிள்ளைகள் திகைக்க வேண்டியதுதான். இசைவகைப் பட்டியலிலோ முதலில் 80 வகைகள்; போல்கா நடனத்துக்கு இடம் உண்டு, கர்நாடக இசைக்கு இல்லை. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இட நெருக்கடியைத் தீர்த்தது.

இனி நிரப்பும் வேலை. நம் புக்கிட் தெங்காவில் ஒரு வீட்டில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்நூறு பாட்டுக்கும் கோப்புப் பெயர் மட்டும் தட்டெழுதி வைத்திருப்பார்கள். 'பாடகர், சிறுகோடு, பாட்டு, சிறுகோடு, படம்' என்ற அமைப்பைச் சொல்லிக்கொடுத்தால், எம்பி3டேக் போன்ற மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையையும் பிரித்து நிரப்பிவிடும்.

ஆனால் அதற்குத் தமிழ்ப் பெயரின் போக்குத் தெரியாது. சிறுகோட்டுக்குப் பதில் இடைவெளியை எல்லையாகக் கொடுத்தால், சேலம் கோதாவரி என்ற பழைய பாடகியின் பெயரில் 'சேலம்' பாடகராகும், 'கோதாவரி' பாட்டாகும். 'எம். கே. தியாகராஜ பாகவதர்' ஒருவர், 'எம்.கே. தியாகராஜ பாகவதர்' இன்னொருவர் என்று நடுவிலுள்ள ஒரு வெற்றிடத்துக்காக இரு பாடகரும் பிறப்பார்கள். ஒரு கோப்பில் நேரும் பிழையைக் கண் காணும். ஐந்நூறில் யார் தேடுவது? குரலைக் கேட்டே பாடகரைச் சொல்லக்கூடிய மூத்தவர் போய்விட்டால் திருத்தவும் ஆளில்லை.

ஆகவே கோப்புப் பெயர்களின் பட்டியலை முன்கூட்டியே தனியே படியெடுத்து வைப்போம். பத்துப் பாட்டை மட்டும் முதலில் நிரப்பிப் பார்ப்போம். பெயர் தெரியாத பாட்டை வீட்டுப் பாட்டிக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவோம். இசைத்தட்டிலிருந்து வந்த பாட்டாக இருந்தால், கடைசிவரை ஓடவிடுவோம். பாடியவரே பெயர் சொல்லியிருக்கக் கூடும்.