நாயனத்துக்குப் பின்னால் நடந்தவர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டேஷனில் தவில்கள் இறங்கத் தொடங்கும். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே, பாசஞ்சர் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன். 1970-களில் நான் அங்கே புக்கிங் கிளார்க். வண்டி நின்றதும் வாசல் வழியாக முதலில் உறை போட்ட தவில் வரும், அப்புறம் அதைப் பிடித்திருக்கும் கை, கடைசியாக ஆள். கூட்டமான பெட்டியில் ஓர் இடம் கிடைத்தால் தவில் உட்கார்ந்து வரும், தவில்காரர் நின்றுகொண்டு வருவார். லக்கேஜ் சீட்டு போட வேண்டிய சாமான்தான் அது. நான் போட்டதில்லை. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ரயில்வேக்கு நான் வைத்த பாக்கி அது ஒன்றுதான்.

சீட்டுக்குப் பதில் ஒரு கேள்வி கேட்பேன்: "எந்த ஊர்த் திருவிழாண்ணே?" பதில் வந்ததும் ராத்திரிக்கு எங்கே சைக்கிள் மிதிக்க வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

நாகசுரம், நாதசுரம், நாதஸ்வரம் என்று எழுத்தில் சண்டை உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நாயனம், அவ்வளவுதான். நாயனமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்தால் பெரிய மேளம். இதைக் கேட்பதற்கு அந்தக் காலத்தில் யாரும் உட்காரவில்லை. கூடவே நடந்தார்கள். கச்சேரி மேடைக்கு வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் பல தலைமுறைகளாக இது தெருவில், ராத்திரியில், சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசித்த சங்கீதம்.

எங்கள் ஊர் முறையைச் சொல்கிறேன். கோயிலுக்குக் கோயில் மாறும். சாமி மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், வெறும் சொற்கட்டு. தீர்த்தம் வரும்போது ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரியில் வகை உண்டு. தூரத்தில் படுத்திருக்கிறவனுக்கும் கோயிலில் என்ன நடக்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். கோபுர வாசல் தாண்டிக் கீழவீதிக்கு வந்தால் மல்லாரி நின்று ராகம் தொடங்கும். தெற்குவீதி முழுக்க ஆலாபனை. மேலவீதி முச்சந்தியில் ஸ்ரீபாதந்தாங்கிகள் தாங்குகட்டையை ஊன்றிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்வார்கள். அங்கே பல்லவி, அப்புறம் தவில் தனி. அந்த முச்சந்தியில் ஒரு மணி நேரம் சாமி நிற்கும். சாமியே நின்று கேட்கிறது, உனக்கென்னடா அவசரம் என்பார் அப்பா. திரும்பக் கோயில் வாசலுக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

நாலு வீதிக்கு எட்டு மணி நேரம். ஒரு ராகத்தை அவ்வளவு விஸ்தாரமாக வாசிக்கும் பழக்கம் நாயனக்காரர்களுக்கு எப்படி வந்தது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது சாதாரணக் காரணம்: தெரு நீளம், சாமி மெதுவாக நடக்கும், விடிவதற்கு நேரம் கிடந்தது.

இதற்கெல்லாம் காசு யார் கொடுத்தார்கள்? அப்பா ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளை. அந்தப் பண்ணைக்கு ஏழாம் திருநாள் மண்டகப்படி. அப்பாவின் திருவிழாக் கணக்கு நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய், காஸ்லைட், புஷ்பம் என்று வரிசையாக வந்து, நடுவில் "மேளம்" என்று தனித் தலைப்பு. அச்சாரம் ஒரு வரி. அடுத்த வரி, வெற்றிலை இரண்டு கவுளி. அதற்கடுத்தது, "நாயனக்காரருக்குப் பால், சுண்டக் காய்ச்சியது." அது எத்தனை சேர் என்றும் எழுதியிருக்கிறார். சிறப்புத் தவிலுக்கு வேறு பக்கம். ஆறாம் திருநாள் உபயக்காரர் யாரை அழைத்திருக்கிறார் என்று ஆள் விட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேலே ஒரு செட்டைப் பிடிப்பதுதான் பண்ணையாரின் பக்தி. போட்டிதான், வேறென்ன. அந்தப் போட்டியில் திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையையும் நாச்சியார்கோயில் ராகவ பிள்ளையையும் சாணி மெழுகின தெருவில் நின்று இலவசமாகக் கேட்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

ரசிகர்கள், புரவலர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே, அவர்களின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விடியவிடிய வாசித்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லாத வீடுகள் உண்டு. மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றார்கள். செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில், "துண்டை எடுக்காதே, அப்படியே வாசி" என்று நாயனக்காரருக்குத் துணையாக நின்றவர்கள் சுயமரியாதை இயக்கத்தார். காதால் கும்பிட்டுக்கொண்டே கண்ணால் கீழே பார்த்த கூட்டம் நாங்கள்.

இதற்கு மொத்தமாகப் பதில் சொன்னவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-ல் பிறந்தவர். கிராப்பு, கோட்டு, காதில் வைரக் கடுக்கன், கார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சுருதிக்கு ஒத்தை விட்டுத் தம்பூராவை வைத்துக்கொண்டார். எல்லிஸ் டங்கன் எடுத்த 'காளமேகம்' படத்தில் 1940-ல் கதாநாயகனாகவே நடித்தார். நாடு விடுதலை பெற்றபோது வானொலியில் ஒலித்த நாயனம் அவருடையது. 1956-ல் அவர் காலமானபோது எனக்கு ஒன்பது வயது. அன்று அப்பா சாப்பிடவில்லை. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் கையில் இருந்த நாயனத்துக்கு ஒரு தச்சர் உண்டு. திருவாவடுதுறையிலிருந்து கூப்பிடு தூரம் நரசிங்கம்பேட்டை. அங்கே ரங்கநாத ஆசாரி. அதுவரை புழங்கியது திமிரி, ஒன்றரை அடி போலக் குட்டையானது; சுருதி நாலரை, ஐந்து கட்டைக்குப் போகும். தெருவைக் கிழிக்கிற சத்தம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியாது. ஆசாரி செய்த பாரி நாயனம் இரண்டரை அடிக்கு மேல் நீண்டது, சுருதி இரண்டு, இரண்டரைக்கு இறங்கியது. சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. ராஜரத்தினத்தின் தோடியைச் சொல்கிற யாரும் ஆசாரியின் உளியைச் சொல்வதில்லை.

அந்தத் தெருவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஆச்சா மரம்தான் வேண்டும். வெட்டின மரம் ஆகாது. இடித்த பழைய வீட்டு உத்தரமாக இருக்க வேண்டும், எழுபது நூறு வருஷம் காய்ந்திருக்க வேண்டும். கடைந்த உளவை ஆசாரி கண்ணருகே தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், துப்பாக்கியில் குறி பார்க்கிற மாதிரி. அடியில் அணசு, மேலே கெண்டை, அதில் சீவாளி. சீவாளி திருவாவடுதுறையில் செய்வது. ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையை அவித்துக் காயவைத்துச் செய்கிற, கட்டைவிரல் நகம் அளவு பொருள். எட்டு மணி நேர ராகமும் அந்த நகம் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் நாயனத்தில் நாலைந்து சீவாளியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்று நனைந்து தொய்ந்தால் அடுத்தது. மாற்றுகிற அந்த அரை நிமிஷத்தில் இரண்டாம் நாயனம் ராகத்தைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எங்கள் ஊர் மேளக்காரர்கள் இங்கே கிடைத்த நெல்லு மூட்டையை மட்டும் நம்பியிருக்கவில்லை. போட் மெயில் இருந்தது. எழும்பூரிலிருந்து மாயவரம், தஞ்சாவூர் வழியாகத் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் இதே உபயக்காரர் போட்டிதான். இங்கே வாசித்த செட்டை அங்கே அழைப்பார்கள். இரவல் வாங்கினவர்கள் வட்டியோடு திருப்பியும் கொடுத்தார்கள்: அளவெட்டியிலிருந்து வந்த தவில் தட்சிணாமூர்த்தி. அந்த வலந்தலை நாதத்தை நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டும் தெருவில்தான். மைதா பசையில் துணி சுற்றிய கூடு மாட்டின விரலா, மழையா என்று தெரியாது. 1975-ல் நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் போய்விட்டார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு அதுவும் நின்றது.

அதே 1964-ல்தான் காருகுறிச்சி அருணாசலமும் போனார். ராஜரத்தினத்தின் சீடர், திருநெல்வேலிப் பக்கம். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட ஆபேரியைச் சினிமாக் கொட்டகையில் கேட்டவர்கள், மறுநாள் கோயில் வாசலில் நாயனக்காரரிடம் அதையே கேட்டார்கள். பல்லவிக்கு நின்ற கூட்டம் சினிமாப் பாட்டுக்கு நிற்க ஆரம்பித்தது அந்த வருஷங்களில்தான் என்று நினைக்கிறேன். பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் கேட்டேன், கை தட்டினேன்.

கோயில் மேளக்காரருக்கு ஊழிய மானியம் என்று நிலம் விட்டிருந்தார்கள். 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15. நிலம் உழுதவனுக்குப் போக வேண்டியதுதான். அப்பா கணக்கு எழுதிய பண்ணைக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் மேளத்துக்கு நீண்ட கை அந்தக் கைதான். அது மடங்கிய பிறகு வேறு கை நீளவில்லை. மண்டகப்படிகள் ஊர்ப் பொதுவாயின. பொதுவில் முதலில் குறைந்தது சிறப்புத் தவில், அப்புறம் இரண்டாம் நாயனம். புறப்பாட்டைப் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். நாலு வீதிக்கு ஒன்றரை மணி நேரம். அதில் ராகம் எங்கே வாசிப்பது?

'மங்கல இசை' என்று ஒரு பெயர் வைத்தார்கள் பாருங்கள், அதைப் போல நாயனத்தைக் கெடுத்தது வேறில்லை. விழா தொடங்கும் முன், நாற்காலி தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசிப்பதற்குப் பெயர் மங்கல இசை. கேட்க வேண்டாம், ஒலித்தால் போதும் என்று அதற்கு அர்த்தம்.

என் பேரன் கல்யாணம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. செட்டு நான் பேசினது, நல்ல செட்டு. மாலையில் கூடத்தில் பத்துப் பேர்கூட இல்லை, நாயனக்காரர் சண்முகப்பிரியாவில் இறங்கியிருந்தார். மேனேஜர் என்னிடம் வந்து, "சார், ரிசப்ஷனுக்கு மைக் செக் பண்ணணும், மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார். நான் சொல்வதற்குள் அவரே கையைக் காட்டிவிட்டார். நாயனக்காரர் பாதியில் நிறுத்தி, சீவாளியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினார். வாசலில் செண்டை மேளம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பையன்கள் ஏற்பாடு செய்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷமாகிறது, அந்த டப்பா மூடின சத்தம் போகவில்லை.

இந்தப் பங்குனியில் ஏழாம் திருநாள் மண்டகப்படியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பென்ஷன் காசுதான். இரண்டு நாயனம், இரண்டு தவில் பேசி அச்சாரம் கொடுத்தாகிவிட்டது, பாலுக்கும் சொல்லியாகிவிட்டது. மேலவீதி முச்சந்தியில் முக்கால் மணி நேரம் நிறுத்த ஸ்ரீபாதந்தாங்கிகள் சம்மதித்துவிட்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், சரி என்றேன். கும்பகோணம்–மயிலாடுதுறை பாசஞ்சரில் வரலாம். புறப்பாடு ராத்திரி ஒன்பது மணிக்கு. வருகிறவர்கள் நாற்காலி தேட வேண்டாம், செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுக் கூட நடந்தால் போதும்.