மணலுக்குப் பின் மழை

நிலையாமை என்றாலே இன்று சுடுகாடும் காவித்துணியும் பட்டினத்தாரும்தான் நினைவுக்கு வருகின்றன. சாவை எண்ணத் தொடங்கியவன் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. பழந்தமிழ் அரசவையில் இதே நினைவூட்டலுக்கு வேறு வேலை இருந்தது. வென்று வந்த வேந்தன் எதிரே நின்று, உனக்கும் முடிவு உண்டு என்று புலவர் சொல்லலாம். அதைக் கேட்பது அரசனுக்கு இழுக்கல்ல. இந்த வழக்குக்குக் காஞ்சி என்று பெயர். தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் சொல்வது புறத்திணையியலில், வெட்சி, வஞ்சி, உழிஞை என்ற போர்த்திணைகளோடு சேர்த்து. இது கேட்பவனை உலகத்தை விட்டு விலகச் சொன்ன வழக்கல்ல, அதில் நிறைவாக வாழச் சொன்னது என்பதற்கு மதுரைக்காஞ்சியே பெரிய சான்று.

782 அடிகள் கொண்ட அது பத்துப்பாட்டிலேயே நீளமானது. பாடியவர் மாங்குடி மருதனார். கேட்டவன் தலையாலங்கானத்தில் சேரனையும் சோழனையும் வேளிர் ஐவரையும் ஒருசேர வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். அவன் கூறிய வஞ்சினம் புறநானூற்றின் 72-ஆம் பாட்டாக இருக்கிறது. வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் நீங்கட்டும் என்கிறான். அந்த அளவுக்கு அவன் மதித்தவர்தான் அவனுக்குச் சாவை நினைவூட்டுகிறார். இவ்வளவு பெரிய பாட்டில் அந்தப் பேச்சு மிகக் குறைவு. புகழோடு உலகாண்டு மறைந்தவர்கள் கடலலை குவித்த மணலைவிடப் பலர் என்று 236, 237-ஆம் அடிகளில் சொல்கிறார். அடுத்த சொல், 'அதனால்'. அது எந்த வினையில் போய் முடிகிறது என்பது உரைகாரர் பாடு. கேட்டிருந்தவர் காதில் மணலுக்கு அடுத்து விழுந்தது மழை. கீழ்க்கடலில் முகந்த மேகம் பொழிகிறது, வயல் விளைகிறது, வைகை ஓடுகிறது, பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இரைகின்றன. நாடும் நகருமாக 400 அடிகளுக்கு மேல் போகிறது. நள்ளிரவில் இடுப்பில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு வரும் திருடனையும், அவனைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும்கூட அவர் விடவில்லை. கடைசியில் அரசனுக்குச் சொல்வது, பொற்கலத்தில் தரும் தேறலை நாளும் பருகி, உனக்கென்று வரையறுத்த நல்ல வாழ்நாளை மகிழ்ந்து வாழ்வாயாக என்பது.

இதை மறுக்க வலுவான சான்றுகள் உண்டு. திருக்குறளில் நிலையாமை 34-ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது, அடுத்த அதிகாரமே துறவு. உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் காஞ்சிக்கு வீடுபேற்றை முன்வைத்தே பொருள் கூறினார். ஆனால் அவர் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். பக்தியும் மடங்களும் தமிழகத்தை மாற்றி முடித்த பிறகு எழுதியவர். நாலடியாரும் குறளும் காட்டும் துறவுவழி மெய்யானது, மதிக்கத்தக்கது. அதைக் கொண்டுபோய் முந்திய பாட்டின் மேல் ஏற்றுவதுதான் பொருந்தவில்லை. புறநானூறு 194-இல் இந்த ஏற்றம் கண்கூடாகத் தெரிகிறது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று காட்டி, இவ்வுலகம் கொடியது, இதன் இயல்பு அறிந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். அந்த 'இனிய' என்பதற்கு வீட்டின்பம் தரும் செயல்கள் என்று உரை சொல்கிறது. வீடுபேற்றைக் குறிக்கும் சொல்லே பாட்டில் இல்லை. அது பேசுவது முழுக்க இவ்வுலகத்தைப் பற்றி.

அரசனுக்குத் தேறலும் பொற்கலமும் இருந்தன, நன்றாக வாழச் சொன்னது முகமன்தானே என்றும் கேட்கலாம். மருதனார் நகரத்தைக் காட்டிய விதமே இதற்கு விடை. அரண்மனையோடு அவர் நின்றுவிடவில்லை. சங்கறுத்து வளை கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன் உரைத்துப் பார்ப்போர், செம்பு நிறுப்போர், துணி விற்போர் என்று ஆள் ஆளாகத் தெருவில் நிறுத்துகிறார். அவர்களிடையே முதிய பெண்களும் வருகிறார்கள். கடற்சங்கு போல வெளுத்த கூந்தலைப் பெரிய கொண்டையாக முடிந்திருக்கிறார்கள். சாவுக்கு மிக அருகில் இருக்கும் அவர்களைப் புலவர் இரக்கத்தோடு பார்க்கவில்லை, அழகுள்ளவர்கள் என்கிறார். செப்புகளில் பண்டங்களை வைத்துக்கொண்டு, மணக்கும் பூவோடு, அவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள்.