ஒட்டுப்போட்ட குவளையும் ஊர்ப்பொதுத் தேக்சாவும்

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம் கல்வி கற்க வந்தவர்கள் அவர்களிடம் ஒரு மரக் குவளையைக் கண்டனர். நுளார் எனப்படும் உயர்வகை மரத்தில் செய்யப்பட்ட, வாய் அகன்ற குவளை அது. அதில் ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசல் வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது. அதைத் தாம் கண்டதாகவும் அதில் அருந்தியதாகவும் ஆஸிம் அல்-அஹ்வல் (ரஹ்) அவர்கள் கூறுவதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள். அந்தக் குவளையில் நபி (ஸல்) அவர்களுக்குத் தாம் எத்தனையோ முறை பானம் புகட்டியிருப்பதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுவார்களாம்.

காலக் கணக்கைச் சற்று நோக்குங்கள். நபி (ஸல்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டில் (கி.பி. 632). அனஸ் (ரலி) அவர்கள் பஸராவில் மறைந்தது ஏறத்தாழ ஹிஜ்ரி 93-இல். ஆஸிம் (ரஹ்) அவர்கள் அதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் மதீனாவின் வறுமைக் காலத்துக் குவளை ஒன்று, உடைந்தும் ஒட்டுப்போடப்பட்டும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருந்திருக்கிறது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ‘புழக்கம்’ என்னும் சொல்லை. அது பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டப்படவில்லை. விருந்தினர் அதில் அருந்தினார்கள்.

அதே குவளையைப் பற்றி இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் இன்னொரு செய்தியைத் தருகிறார்கள். அதில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாகப் பொன் அல்லது வெள்ளி வளையம் போட அனஸ் (ரலி) அவர்கள் விரும்பினார்கள். அவர்களுடைய தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் கணவர் அபூதல்ஹா (ரலி) அவர்கள், நபியவர்கள் அமைத்த எதையும் மாற்ற வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். இரும்பு வளையம் இரும்பாகவே நின்றது.

விரிசலில் வெள்ளி இட்டது நபி (ஸல்) அவர்களா, அனஸ் (ரலி) அவர்களா என்பதில் ஹதீஸ் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் இங்கே செல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து பிறந்த சட்டம்தான் நமக்கு முக்கியம். வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதும் அருந்துவதும் ஹராம் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். அப்படியிருக்க, உடைந்த பாத்திரத்தைச் சீர்செய்யத் தேவைக்குச் சிறிதளவு வெள்ளி ஒட்டு வைத்தால் அது ஆகும் என்று ஃபிக்ஹு நூல்கள் தீர்ப்பளிக்கின்றன. அலங்காரத்துக்காகப் பெரிய ஒட்டு வைத்தால் கூடாது. தங்க ஒட்டு எந்நிலையிலும் கூடாது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் முடிவு. மத்ரஸாவில் இந்தப் பாடம் வரும்போது மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடவே விரும்புகிறார்கள். இக்காலத்தில் யார் பாத்திரத்துக்கு வெள்ளி ஒட்டு வைக்கிறார் என்பது அவர்களின் எண்ணம். ஆனால், ஆடம்பரத்துக்கு மூடப்பட்ட கதவு பழுதுபார்ப்பதற்காகச் சிறிதே திறக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் அவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை.

இனி அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு வருவோம். அவர்களுக்குச் சொந்தமான ஆடு ஒன்று செத்துவிட்டது. செத்த பிராணியின் இறைச்சி ஆகாது. ஆனால் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருந்தார்கள். எனவே அத்தோலைப் பதனிட்டுத் துருத்தியாக்கி, அதில் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து இனிப்புப் பானம் தயாரித்து வந்தார்கள். அந்தத் துருத்தி இற்றுப்போய்ப் பழந்துருத்தியாகும்வரை அப்படியே செய்து வந்ததாக அன்னையவர்களே கூறியிருக்கிறார்கள்.

ஹிஜாஸில் தோல் பதனிட ‘கரள்’ என்னும் பொருளைப் பயன்படுத்தினர். கருவேல இனத்து மரத்திலிருந்து கிடைப்பது அது. அதிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு சேர்ந்துகொண்டால், பிறகு தோல் எளிதில் அழுகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களின் பாட்டனார்கள் ஆவாரம்பட்டையைக் கொண்டு செய்ததும் இதே வேலைதான். நபியவர்களின் மற்றொரு துணைவியாரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளாலேயே தோல் பதனிட்டு, தைத்து, அவ்வருவாயைத் தர்மம் செய்துவந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இற்றுப்போன துருத்தியை அரபியில் ‘ஷன்னு’ என்பர். பழையது என்பதற்காக அதை யாரும் எறிந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்துக்குச் சென்றபோது, இரவு முழுதும் பழந்துருத்தியில் இருந்த தண்ணீர் உண்டா என்று கேட்டதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பழந்தோலில் நீர் மெல்லக் கசியும். கசிந்த நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும். நம் மண்பானையில் நிகழ்வதும் இதுவே. புதுத் துருத்தியில் அத்தனை குளிர்ச்சி கிடைக்காது. ஆக, அந்தக் கோடை நாளில் பழையதே சிறந்ததாக இருந்தது.

உடைந்த தட்டைப் பற்றிய நிகழ்ச்சி நம்மில் பலரும் அறிந்ததே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் நபியவர்கள் இருந்தபோது, மற்றொரு துணைவியார் உணவு அனுப்பினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தட்டிவிட, அது கீழே விழுந்து உடைந்தது. நபியவர்கள் கோபப்படவில்லை. குனிந்து துண்டுகளையும் உணவையும் சேகரித்தார்கள். பிறகு நல்ல தட்டு ஒன்றை அனுப்பியவரிடமே சேர்ப்பித்தார்கள். உடைந்த தட்டோ உடைத்தவரின் வீட்டிலேயே இருத்தப்பட்டது. சொற்பொழிவுகளில் இந்நிகழ்ச்சி குடும்பப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஒரு தட்டுக்கும் உரிமையாளர் உண்டு, அவருக்கு இழப்பு நேரக்கூடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பொருள்கள் நீண்ட நாள் உழைத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவை ஒரு வீட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. நபியவர்களின் காலத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ‘கித்ர்’ எனப்படும் முரட்டுத் துணியாலான மேலாடை ஒன்று இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்கும் போதெல்லாம் அதை இரவல் கேட்டு ஆளனுப்புவார்களாம். பிற்காலத்தில், செல்வம் பெருகிய பிறகு, அதே வகைத் துணியில் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள ஆடையை அன்னையவர்கள் அணிந்திருந்தபோது, தம் பணிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தவும் மறுக்கிறாளே என்று கூறினார்கள். ஒரே தலைமுறைக்குள் ஊரின் மனநிலை எவ்வளவு மாறிவிட்டது! ஒரே ஒரு நாள் அணிவதற்காகப் பல்லாயிரம் ரூபாய்க்கு நிக்காஹ் உடை வாங்கி, பிறகு பீரோவில் பூட்டிவைக்கும் நாம் அந்தப் பணிப்பெண்ணைக் குறை கூற முடியாது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்தச் செய்திக்கு, மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்ற பொருளில் தனித் தலைப்பே இட்டிருக்கிறார்கள்.

குர்ஆனின் 107-ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அல்-மாஊன்’. தொழுகையில் அலட்சியமாக இருப்போரைக் கண்டிக்கும் அந்த அத்தியாயம், மாஊனைக் கொடுக்க மறுப்போரைக் கண்டித்து நிறைவு பெறுகிறது. மாஊன் என்பதற்கு ஸகாத் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. ஆனால் வாளி, சமையல் பானை போன்றவற்றை இரவல் கொடுப்பதையே நபியவர்களின் காலத்தில் தாங்கள் மாஊன் என்று கருதிவந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கான தட்டுமுட்டுச் சாமான்களுக்கு ஸகாத் இல்லை. ஆனால் அவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காமல் தடுப்பதற்கு இறைவேதத்தில் கண்டனம் உண்டு.

இரவல் பொருள் தேய்ந்தால் யார் பொறுப்பு? ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் போருக்காக, அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை இரவல் வாங்கினார்கள். இது அபகரிப்பா என்று அவர் கேட்டபோது, திருப்பித் தரப்படும் இரவல் என்று உறுதியளித்தார்கள். போருக்குப் பின் சில கவசங்கள் காணாமற்போயிருந்தன. ஈடு தர நபியவர்கள் முன்வந்தார்கள். அதற்குள் ஸஃப்வானின் உள்ளம் மாறியிருந்தது; ஈடு வேண்டாம் என்று கூறிவிட்டார். இதை வைத்து ஷாஃபிஈ மத்ஹபினர், இரவல் பொருள் தொலைந்தாலோ அழிந்தாலோ வாங்கியவரே பொறுப்பு என்பர். ஆனால் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டினாலேயே தேய்ந்தால் ஈடு இல்லை. ஹனஃபி மத்ஹபில், வாங்கியவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் ஈடு. பானை அடுப்பில் கரிபிடித்துத் தேய்வதற்கு ஈடு இல்லை, அதைத் தவறவிட்டுத் தொலைப்பதற்கு உண்டு என்று காயல்பட்டினத்துக்காரரும் கீழக்கரைக்காரரும் புரிந்துகொள்ளலாம்.

இந்த இரவல் வழக்கமே பின்னர் வக்ஃபாக நிலைபெற்றது. வக்ஃப் என்றதும் நிலமும் கடையும் நம் நினைவுக்கு வருகின்றன. இடம்பெயர்க்கத்தக்க பொருள்களை வக்ஃப் செய்யலாமா என்பது ஹனஃபி அறிஞர்களிடையே பெரும் விவாதமாக இருந்தது. மக்களிடையே வழக்கம் இருந்தால் செய்யலாம் என்றார்கள் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 189). ஹிதாயா நூலில் அதற்குத் தரப்படும் உதாரணங்களைப் பாருங்கள்: கோடரி, வாய்ச்சி, ரம்பம், ஜனாஸாவைச் சுமக்கும் கட்டிலும் அதன் துணிகளும், சமையல் பானைகள், கொப்பரைகள், முஸ்ஹஃபுகள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, பொருள் நிலைத்திருக்க அதன் பயன் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அளவுகோல். ஆகவே சோற்றை வக்ஃப் செய்ய முடியாது. சோறு ஆக்கும் பானையைச் செய்யலாம்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் பின்கட்டில் இருக்கும் பெரிய செம்புத் தேக்சாக்களும், சந்தூக்கும், சஹன் தட்டுகளும் இந்தச் சட்டத்தின் கண்கூடான சான்றுகள். பல தேக்சாக்களின் விளிம்பில் கொடுத்தவரின் பெயரோ, யாருடைய ஈஸால் ஸவாபுக்காகக் கொடுக்கப்பட்டதோ அவருடைய பெயரோ வெட்டப்பட்டிருக்கும். நோன்புக் கஞ்சி, நிக்காஹ் விருந்து, மய்யித்து வீட்டுச் சாப்பாடு என எல்லாம் அவற்றில் ஆக்கப்பட்டன. ஏழை வீட்டுக் கல்யாணமானாலும் பணக்கார வீட்டுக் கல்யாணமானாலும் அடுப்பில் ஏறியது ஒரே தேக்சாதான்.

செம்பின் குறை, புளிப்புப் பட்டால் களிம்பு ஏறுவது. அதனால்தான் உட்புறம் வெள்ளீயம் பூசப்படுகிறது. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துடைத்து, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் பரப்புவார்கள். வெள்ளீயம் ஏறத்தாழ 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். ஆதலால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக்கூடாது என்றும், இரும்புக் கரண்டியால் சுரண்டக்கூடாது என்றும் பண்டாரிகள் எச்சரிப்பார்கள். பூச்சு தேயத்தான் செய்யும். தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். முன்பு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வந்தார். எவர்சில்வர் வந்தபின் அவர் வருவது குறைந்துவிட்டது. பூச்சற்ற தேக்சாவில் சமைப்பது உடலுக்குத் தீங்கு என்பதால் அது மூலையில் கிடக்கிறது. மூலையில் கிடப்பதைப் பார்த்த நிர்வாகத்துக்கு, பழைய செம்பு விலைக்கு எடைபோட்டு விற்று, அலுமினியப் பாத்திரம் வாங்கிவிடலாமே என்று தோன்றுகிறது. இக்கேள்வியோடு ஆலிம்களிடம் வருவோர் இப்போது அதிகம்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை நம் பழைய நூல்களிலேயே இருக்கிறது. பள்ளிவாசலின் பாய்கள் இற்றுப்போனால், உத்திரங்கள் உடைந்து எரிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாமற்போனால், அவற்றை விற்கலாம் என்பதே வலுவான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். எதற்கும் உதவாது என்னும் நிலையே அங்கு நிபந்தனை. அடி ஓட்டையாகி, ஒட்டவைக்க இயலாமற்போன தேக்சாவை அந்தப் பாயோடு ஒப்பிடலாம். ஈயம் மட்டுமே தேவைப்படும் தேக்சாவை ஒப்பிட முடியாது.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். வக்ஃபின் வருவாயிலிருந்து முதலில் செய்ய வேண்டியது அந்த வக்ஃபின் பராமரிப்பே. கொடுத்தவர் அதை நிபந்தனையாகச் சொல்லியிருக்காவிட்டாலும் சரியே என்பது ஹனஃபி நூல்களில் தெளிவாக உள்ளது. தேக்சாவுக்கு வாடகை வாங்கும் ஜமாஅத்துகள் அந்த வாடகையைத் தனிக் கணக்கில் வைத்திருந்தால் ஈயச் செலவு அதிலேயே அடங்கிவிடும். ஷஃபான் மாதத்தில், கஞ்சி அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, பின்கட்டைத் திறந்து எத்தனை தேக்சா இருக்கிறது, எதில் யார் பெயர் வெட்டியிருக்கிறது, எதற்குப் பூச்சு போயிருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால், ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவர ஒரு மாத அவகாசம் கிடைக்கும்.