ஐந்து வருஷக் கணக்கு

2012இல் என் பழைய கணினியில் உபுண்டு 12.04 போட்டுக் கொடுத்தவன் அண்ணன் மகன். "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை சித்தப்பா" என்றான். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை.

லினக்ஸின் ஆரம்ப நாட்களில் ஒரு மென்பொருளைப் போட்டால், அது நம்பியிருக்கும் மற்றவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன், 1999 மார்ச்சில் தன் 2.1 பதிப்பில் ஏபிடி என்ற கருவியைக் கொடுத்தது. ஒரே கட்டளையில் எல்லாம் வந்து சேர்ந்தன. 2004இல் வந்த உபுண்டுவும் அதே அஸ்திவாரத்தில் எழுந்ததுதான்.

நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் பெரும்பாலான மென்பொருள்கள் பழைய எண்ணிலேயே இருக்கும். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தருவார்கள். எண் பழையது என்று பயப்பட வேண்டாம். ஒட்டுப்போடுவது நின்றால்தான் பயப்பட வேண்டும்.

12.04க்கு அது 2017 ஏப்ரலில் நின்றது. அறிவிப்பைப் பார்த்தும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் வங்கியின் பக்கம் திறக்கவில்லை. தப்பு என்னுடையது.

மறைந்த மனைவியின் புகைப்படங்களை முதலில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பிறகு 14.04, அதன்பின் 16.04 என்று படிப்படியாக ஏறினேன். ஒரு பகல் முழுதும் ஆனது. படம் ஒன்றும் போகவில்லை.

இன்று ஸ்நாப், பிளாட்பேக் வழியாகப் புதுப் பதிப்புகள் தனியாகவும் கிடைக்கின்றன. ஆனாலும் அடித்தளத்துக்கு ஆயுள் உண்டு. உங்கள் பதிப்பின் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான் குறித்து வைத்திருக்கிறேன்.