மின்னணு மருத்துவப் பதிவுகளும் மருத்துவ ஆய்வுத் திட்டமிடலும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

புதிய மருந்தோ சிகிச்சையோ பாதுகாப்பானதா, பயனளிக்கிறதா என்பதை மனிதர்களிடம் முறைப்படி சோதித்தறிவதே மருத்துவ ஆய்வு (கிளினிக்கல் ட்ரையல்) ஆகும். மருத்துவமனைக் கணினியில் உள்ள உங்கள் நோய் விவரம், பரிசோதனை முடிவுகள், மருந்து விவரம் ஆகியவை மின்னணு மருத்துவப் பதிவுகள் எனப்படும். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இவை பயன்படக்கூடும்.

எவ்வாறு பயன்படுகின்றன?

எவரைச் சேர்க்கலாம், எவரை விலக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒவ்வோர் ஆய்வுக்கும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு சர்க்கரை நோய் மருந்தின் ஆய்வுக்கு 40 முதல் 65 வயது, எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்கு மேல், சிறுநீரகப் பாதிப்பின்மை ஆகியவை நிபந்தனைகள் எனக் கொள்வோம். பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட பதிவுகளைக் கொண்டு, இவற்றுக்குப் பொருந்துவோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை போதாதெனில் நிபந்தனைகளைத் திருத்தலாம். வேறு மருத்துவமனைகளையும் சேர்க்கலாம். சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் உண்டு. அவர்கள் அனைவரையும் விலக்கினால், ஆய்வின் முடிவு அவர்களுக்குப் பொருந்துமா என்பது தெரியாமல் போகும். இக்குறையையும் பதிவுகள் முன்கூட்டியே காட்டும்.

எண்ணப்பட்டால் ஆய்வில் சேர்க்கப்பட்டதாகுமா?

ஆகாது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பின், முழு விளக்கம் பெற்று நீங்கள் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் அளித்தால் மட்டுமே பங்கேற்பாளர் ஆவீர்கள். மறுத்தாலும் இடையில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. புதிய மருந்து ஆய்வினால் உடல்நலப் பாதிப்பு ஏற்பட்டால், கட்டணமில்லாச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்து ஒவ்வாமை, வேறிடங்களில் வாங்கி உட்கொள்ளும் ஆங்கில, சித்த மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவில் இல்லாத ஒவ்வாமையைக் கணினியால் அறிய இயலாது.

• 14 இலக்க ஆபா எண் வழியாகப் பதிவுகளைப் பகிர ஒப்புதல் கோரப்பட்டால், கேட்பவர் யார், எதற்காக, எத்தனை நாளுக்கு என்பதைப் படித்தறிந்த பின்னரே இசைவு அளியுங்கள்.

• ஆய்வுக்கு அழைக்கப்பட்டால் அதன் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை இப்பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாகும். இதனை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்.

• உடனே கையொப்பமிட வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டுப் பெற்று, குடும்பத்தாருடனும் உங்கள் மருத்துவருடனும் கலந்து பேசி முடிவெடுங்கள்.

• மருத்துவரைக் கேட்காமல் தற்போதைய மருந்துகளை நிறுத்தாதீர்கள்.