முதுமை தெரியக் கூடாத அரசி

1599 செப்டம்பர் 28, காலை பத்து மணி. லண்டனுக்குத் தெற்கே நான்சச் அரண்மனை. அயர்லாந்தில் படை நடத்திக்கொண்டிருக்க வேண்டிய எசெக்ஸ் பிரபு, முகத்தில்கூடச் சேறு தெறித்த கோலத்தில், நேரே முதலாம் எலிசபெத்தின் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டார். அரசி அப்போதுதான் எழுந்திருந்தார். தலைமுடி காதோரம் கலைந்து கிடந்தது. அவருக்கு அப்போது 66 வயது. பதற்றம் காட்டாமல் பேசி அனுப்பியவர், எசெக்ஸ் தம் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று அன்றிரவே உத்தரவிட்டார்.

எசெக்ஸ் கண்டது அரசாங்க ரகசியம். எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை; வாரிசைச் சொல்லவும் மறுத்துவந்தார். சொன்ன மறுநாளே கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது, அக்காள் மேரியின் ஆட்சியில் வாரிசாக இருந்து அவர் நேரில் கண்ட பாடம். ஆகவே முதுமை வெளியே தெரியக் கூடாது. 1596-இல், அவரை அழகு குறைத்துக் காட்டிய ஓவியங்களை அழிக்கும்படி அரசவை ஆணையிட்டது. 1600 வாக்கில் தீட்டிய ‘வானவில்’ ஓவியத்தில் அவர் இளம்பெண். மேலங்கி நெடுகக் கண்களும் காதுகளும்.

ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். லெஸ்டர், வால்சிங்கம், ஹாட்டன். 1598-இல் நாற்பதாண்டுத் துணையான பர்லியும். பழைய அரசவையில் பல கைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருந்தன. இப்போது பர்லியின் மகன் ராபர்ட் செசில் கை மட்டுமே ஓங்கியது.

ஸ்பெயின் போரும் அயர்லாந்துப் போரும் கஜானாவைத் துடைத்துவிட்டன. தயவைப் பணமாகக் காட்ட முடியாத அரசி, உப்பு, சீட்டுக்கட்டு என்று ஏகபோக உரிமைகளாக வழங்கினார். (பின்னாளில் சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31-இல் கிடைத்த சாசனமும் ஓர் ஏகபோக உரிமைதான்.) எசெக்ஸுக்கு வாய்த்தது இனிப்பு ஒயின் சுங்கக் குத்தகை. 1600-இல் அது முடிந்தபோது அரசி புதுப்பிக்கவில்லை. கடனில் மூழ்கியிருந்தவரைக் கலகத்தில் தள்ளியது, என் கணிப்பில், இந்த மறுப்புதான்.

1601 பிப்ரவரி 7. எசெக்ஸின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து, அரசன் முடியிழக்கும் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தைப் போடச் சொன்னார்கள். மறுநாள் எசெக்ஸ் லண்டன் தெருவில் இறங்கினார். ஊர் கூட வரவில்லை. 25-ஆம் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்தின நாள், அதே நாடகக் குழு அரண்மனையில் அரசி முன் நடித்தது. எதிரியின் காசு வாங்கிய கலைஞர்களை அவர் தண்டிக்கவில்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது.

அந்த நவம்பரில் ஏகபோகங்களை எதிர்த்து நாடாளுமன்றம் கொதித்தது. பலவற்றை ரத்துசெய்வதாக வாக்களித்து, உறுப்பினர்களை நேரில் அழைத்துப் பேசி, கோபத்தை அன்பாக மாற்றினார் அரசி. அந்தத் திறமைக்கு வயதாகவில்லை. ஆனால் செசில் அதற்குள் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸுடன் ரகசியக் கடிதப் போக்குவரத்தைத் தொடங்கியிருந்தார். 1603 மார்ச் 24-இல் ரிச்மண்ட் அரண்மனையில் எலிசபெத் இறக்கும் முன்பே, புதிய மன்னரை அறிவிக்கும் பிரகடனத்தின் வரைவு ஜேம்ஸின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. அன்று காலையே செசில் அதை லண்டனில் வாசித்தார்.

(தொடரும்)